குளிர்கால வீட்டுச் சூடாக்கம்: ஹீட்டரை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் எண்

குளிர் நாட்களில் வீட்டைச் சூடாக வைத்திருக்கச் செலவாகும் கேஸும் மின்சாரமும் கடைசியில் எங்கே போகின்றன? எல்லாமே வெளியேதான். அறை 20 டிகிரியில் அப்படியே நிற்கிறது என்றால், ஹீட்டர் உள்ளே கொடுக்கும் வெப்பமும், சுவர், கூரை, சன்னல், இடுக்குகள் வழியாக வெளியேறும் வெப்பமும் சரிக்குச் சரி. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மட்டம் இறங்காமலிருக்க ஊற்றிக்கொண்டே இருப்பது போலத்தான் இது. ஊற்றும் செம்பை மாற்றினால் ஓட்டை அடைபடாது. ஆனால் சிக்கனம் வேண்டும் என்று கிளம்புபவர்களில் பலர் முதலில் கைவைப்பது ஹீட்டரில்தான். இந்த வரிசைப் பிழை சாதாரணமானதல்ல. புதிய இயந்திரம் தேவைக்கு மேல் பெரிதாக வந்து உட்கார்ந்துவிட்டால், அதன் ஆயுள் முடியும்வரை அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

வீட்டின் இழப்பு எண்

வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது? இதுதான் அந்த வீட்டின் இழப்பு எண். ஒவ்வொரு பரப்புக்கும் ‘யூ மதிப்பு’ என்று ஒன்று உண்டு. ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் கடக்கிறது என்பதே யூ மதிப்பு. பரப்பை அதனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் பாதிக் கணக்கு முடிந்தது. மீதி, காற்றோடு போகும் வெப்பம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.33 வாட் மணி வேண்டும்.

இரண்டு மாடியும் 100 சதுர மீட்டர் தரையும் 250 கன மீட்டர் கொள்ளளவும் உள்ள ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 120 சதுர மீட்டர், யூ மதிப்பு 2: இழப்பு 240 வாட். வெப்பம் கடக்காமல் தடுக்கும் காப்பு எதுவும் இல்லாத கூரை 50 சதுர மீட்டர், யூ மதிப்பு 2.3: 115 வாட். ஒற்றைக் கண்ணாடி சன்னல்கள் 18 சதுர மீட்டர், யூ மதிப்பு 5: 90 வாட். தரைக்கு 35 வாட். வீட்டுக் காற்று முழுவதும் மணிக்கு ஒருமுறை மாறுகிறது என்றால் அதற்கு 83 வாட். மொத்தம் 563. வெளியே 0, உள்ளே 20 டிகிரி என்ற நாளில் இந்த வீட்டுக்கு 11 கிலோவாட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும்.

இதே வீட்டில் கூரைக்கு 270 மில்லிமீட்டர் கனத்தில் ராக் வூல் என்ற பாறை இழைப் பஞ்சை விரித்து (யூ மதிப்பு 0.16), காற்றுக் கசிவைப் பாதியாகக் குறைத்தால் எண் 414 ஆகிறது. சுவருக்கு 0.3 வரும்படி காப்பிட்டு, சன்னல்களுக்கு 1.4 மதிப்புள்ள இரட்டைக் கண்ணாடி போட்டால் 145. பதினொரு கிலோவாட் கேட்ட வீட்டுக்கு அதே குளிரில் மூன்று கிலோவாட்டுக்கும் குறைவாகவே போதும். தண்ணீரைச் சூடாக்கி, அறைகளிலுள்ள ரேடியேட்டர்கள் என்ற உலோகப் பலகைகள் வழியாகச் சுற்றவிடும் எந்தப் பாய்லராலும் இப்படி நான்கில் ஒரு பங்காக்கிக் காட்ட முடியாது.

உங்கள் வீட்டு எண்ணைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் வர வேண்டியதில்லை, மீட்டரே சொல்லும். வெயில் இல்லாத மேகமூட்டமான குளிர் நாளாகப் பார்த்து, 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஸ் மீட்டர் கன மீட்டரில் காட்டினால், ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவுக்கு 10 முதல் 11 யூனிட் (அதாவது கிலோவாட் மணி) என்று வைத்துக்கொள்ளலாம். செலவான 200 யூனிட்டில் பாய்லரின் திறன் 85 சதவீதம் என்றால், வீட்டுக்குள் வந்தது 170 யூனிட். அதை 24 ஆல் வகுத்தால் 7.1 கிலோவாட். அன்று சராசரியாக வெளியே 2, உள்ளே 20 என்றால் வித்தியாசம் 18 டிகிரி. 7,100ஐ 18 ஆல் வகுத்தால் கிடைப்பது 394. குளியலுக்கும் சமையலுக்கும் போனதை முதலிலேயே கழித்துவிடுங்கள். ஒரு நாளை நம்பாமல் மூன்று நான்கு நாட்கள் செய்து சராசரி எடுப்பது நல்லது.

முதலில் காற்று, அதுவும் மேலிருந்து

சூடான காற்று மேலே ஏறி, கூரைப் பக்கத்து ஓட்டைகள் வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்தள இடுக்குகள் குளிர்ந்த காற்றை உறிஞ்சுகின்றன. காலடியில் சில்லென்று காற்று வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தலைக்கு மேலே இருக்கிறது. அதனால் அடைப்பதைக் கூரைக்கு அடியிலுள்ள பரணில் தொடங்குங்கள். பரண் கதவின் விளிம்பு, மின்கம்பிகளும் குழாய்களும் மேலே நுழையும் துளைகள், கூரைக்குள் பதித்த விளக்குகள், இடைச்சுவர்களின் உச்சி ஆகியவை முதல் சந்தேகத்துக்குரியவை. பிறகு கீழே வந்து தரையோரப் பட்டி, சன்னல் சட்டம், பிளக் பெட்டி, சிங்க்குக்கு அடியில் குழாய் நுழையும் இடம், பயன்பாட்டில் இல்லாத புகைபோக்கி என்று பாருங்கள்.

தேட ஓர் ஊதுபத்தி போதும். குளிரும் காற்றும் உள்ள நாளில் கதவு சன்னல்களை மூடி, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் விசிறிகளை ஓடவிடுங்கள். வீட்டுக்குள் அழுத்தம் சற்றே குறைந்து, இடுக்குகளில் காற்று உள்ளே பாயும். ஊதுபத்திப் புகை நேராக ஏறாமல் சாய்ந்தால் அங்கே கசிவு இருக்கிறது. விறகடுப்போ, அறைக் காற்றை எடுத்து எரியும் கேஸ் அடுப்போ எரிந்துகொண்டிருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. புகைபோக்கி வழியே போக வேண்டிய கார்பன் மோனாக்சைடை விசிறி அறைக்குள் இழுத்துவிடும்.

ஆறு மில்லிமீட்டர் வரையான விரிசலுக்கு அக்ரிலிக் சீலண்ட் போதும். அதற்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் வரை ஃபோம் அடிக்கலாம். சன்னல் சட்டத்தைச் சுற்றி அடிக்கும்போது குறைவாக உப்பும் ரகத்தையே வாங்குங்கள், சாதாரண ஃபோம் உப்பிச் சட்டத்தை வளைத்துச் சன்னலை மூடவிடாமல் செய்துவிடும். பெரிய ஓட்டைக்குக் காப்புப் பலகையை வெட்டிப் பொருத்தி விளிம்பை அடைக்க வேண்டும். சூடான புகைக்குழாயைச் சுற்றி எந்த ஃபோமும் கூடாது. அங்கே தகடும் தீத்தாங்கும் சீலண்டும்தான்.

பரணில் காப்பு விரித்த பிறகும் பயன் தெரியவில்லை என்றால், பரண் கதவைப் பாருங்கள். நம் மாதிரி வீட்டுக் கூரையின் இழப்பு 50 சதுர மீட்டருக்கு 8 வாட்தான். அதில் அரை சதுர மீட்டர் கதவு காப்பில்லாமல் யூ மதிப்பு 3 உடன் நின்றால், அது மட்டும் ஒன்றரை வாட். பரப்பில் நூற்றில் ஒரு பங்கு, இழப்பிலோ கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கதவின் முதுகில் 10 சென்டிமீட்டர் பலகையை ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டி ஒட்டி, இறுக்கிப் பிடிக்கும் கொக்கி வைத்தால் வேலை முடிந்தது. ராக் வூலை அமுக்கித் திணிப்பது, அதன் மேல் பெட்டிகளை அடுக்குவது, துண்டுகளுக்கு நடுவே விரல் அகல இடைவெளி விடுவது மூன்றும் ஒரே விளைவைத் தரும். காப்பது இழைகளுக்குள் சிக்கிய அசையாத காற்று. அது போய்விட்டால் பஞ்சால் பயனில்லை. கூரை ஓரத்தில் 5 சென்டிமீட்டர் காற்றுப்பாதையை விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் மரச் சட்டங்கள் வியர்த்து உளுக்கும். காப்புக்கு மேலே இருக்கும் பரண் முன்பைவிடக் குளிராகிவிடும் என்பதால், அங்குள்ள தண்ணீர்க் குழாய்களையும் தொட்டியையும் தனியாகப் போர்த்த வேண்டும், அவை உறைந்து வெடிப்பது இப்படித்தான்.

சுவர், சன்னல், ஈரம்

சுவருக்குக் காப்பிடுவதில் கிடைக்கும் லாபம் மீட்டரில் தெரிவதைவிடப் பெரியது. வெளியே 0 டிகிரி என்றால், காப்பில்லாத செங்கல் சுவரின் உட்புறம் ஏறத்தாழ 15 டிகிரியிலும், ஒற்றைக் கண்ணாடியின் உட்புறம் 6 டிகிரியிலும் இருக்கும். உடல் உணரும் சூடு காற்றை மட்டும் பொறுத்ததன்று, சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பநிலையும் அதில் ஏறக்குறைய பாதிப் பங்கு வகிக்கிறது. காற்று 20, சுவர் 15 என்றால் நாம் உணர்வது 17 அல்லது 18தான். அதனால் அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை ஏற்றுகிறோம். காப்பிட்ட சுவரின் உட்புறம் 19 டிகிரிக்கு மேல் நிற்கும். அங்கே 20 உண்மையாகவே 20ஆக இருக்கும்.

பூஞ்சைக்கும் இதே கணக்கு. அறை 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், 9 டிகிரிக்குக் கீழ் உள்ள பரப்பில் நீர்த்துளி கட்டும். பூஞ்சை அதுவரை காத்திருக்காது. பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 80 சதவீதத்தில் இருந்தாலே முளைக்கும். அந்த 80 சதவீதம் வருவது சுவர் 12.6 டிகிரிக்கு இறங்கும்போது. அலமாரிக்குப் பின்னால், வெளிச்சுவர் மூலையில், பால்கனியாக வெளியே நீளும் கான்கிரீட் தளம் சுவரைச் சந்திக்கும் இடத்தில் கருமை படர்வது இதனால்தான். ப்ளீச் போட்டுத் துடைத்தால் இரண்டு வாரம் தாங்கும். அந்த இடத்தைச் சூடாக்க வேண்டும், அல்லது ஈரத்தைக் குறைக்க வேண்டும்.

முடிந்தவரை காப்பைச் சுவருக்கு வெளியே போடுவது பாதுகாப்பு. சுவர் முழுவதும் சூடான பக்கத்துக்கு வந்துவிடும், மூலைகளும் தப்பிக்கும். உள்ளே போட்டால் செங்கல் முன்பைவிடக் குளிரும், மரத்தளத்தின் உத்தரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளில் ஈரம் தங்கி உளுக்கும் அபாயம் உண்டு. உள்ளே போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், நீராவித் தடுப்புத் தாளைக் காப்பின் சூடான பக்கத்தில், அதாவது அறையைப் பார்த்த பக்கத்தில் விரித்து, எல்லா இணைப்புகளையும் டேப் போட்டு அடைக்க வேண்டும். தாளைக் குளிர்ந்த பக்கத்தில் போட்டால் உள்ளே நுழைந்த நீராவி வெளியேற வழியின்றிக் காப்புக்குள்ளேயே நீராகிவிடும். சுற்றுச்சூழலை நினைப்பவர்களுக்கு, பழைய செய்தித்தாளில் செய்த செல்லுலோஸும் மர இழைப் பலகையும் ராக் வூலுக்கு ஏறத்தாழ சமமாகவே காக்கும், ஈரத்தை ஓரளவு ஏற்று விடுவதும் அவற்றின் கூடுதல் குணம்.

சன்னல் மாற்ற வசதியில்லாத இடத்தில், சட்டத்தில் ஒட்டி ஹேர் டிரையரால் சூடேற்றி இறுக்கும் பிளாஸ்டிக் படலம் நன்றாகவே உதவும். கனத்த திரையும் உதவும், ஆனால் அது ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கினால் வெப்பம் முழுவதையும் கண்ணாடிக்கே கொண்டுபோய்க் கொடுக்கும். சன்னல் விளிம்போடு நின்றுவிடும் நீளம் போதும்.

இடுக்குகளை அடைத்த வீட்டுக்குத் திட்டமிட்ட காற்றோட்டம் கட்டாயம். குளியல், சமையலின்போது எக்ஸாஸ்ட் ஓட வேண்டும். நிதியிருந்தால், வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கைமாற்றும் காற்றோட்டப் பெட்டி 80 சதவீதத்துக்கு மேல் மீட்டுத் தரும். அதன் வடிகட்டியை மறந்தால் காற்று நின்றுவிடும், வீட்டார் காரணம் தெரியாமல் சன்னலைத் திறப்பார்கள். 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் வுல்ஃப்காங் ஃபைஸ்ட் கட்டிய முதல் பாசிவ் வீடு இந்த மூன்றையும் சேர்த்துத்தான் நின்றது: கனத்த காப்பு, இறுக்கமான கட்டுமானம், வெப்பம் மீட்கும் காற்றோட்டம். அந்த வகை வீட்டுக்கான வரம்பு, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட் வெப்பம்.

தண்ணீரின் சூட்டைக் குறைத்தல்

கன்டென்சிங் பாய்லர் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும் லாபம் இங்கே இருக்கிறது. இந்தப் பாய்லர் புகையிலுள்ள நீராவியை நீராக்கி, அதன் வெப்பத்தையும் பிடிக்கிறது. இயற்கை எரிவாயுவில் அந்த வெப்பம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஆனால் ரேடியேட்டர்களைச் சுற்றித் திரும்பும் நீர் 55 டிகிரிக்குக் கீழ் இருந்தால்தான் நீராவி நீராகும். பாய்லரோ பல வீடுகளில் 75, 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போகப்படுகிறது. பெயரில் கன்டென்சிங், நடப்பில் பழைய பாய்லர்.

நீர் வெளியேறும் வெப்பநிலையை 60 டிகிரிக்கு இறக்குங்கள். இரண்டு குளிர் நாட்கள் பொறுத்துப் பார்த்து, வீடு சூடாகவே இருந்தால் 55. ஏதேனும் ஒரு நாள் எட்டவில்லை என்றால் ஐந்து டிகிரி ஏற்றுங்கள். ரேடியேட்டர் முன்போல் கைசுடாது, அதற்குப் பதிலாக நீண்ட நேரம் வெதுவெதுப்பாக இருக்கும். குழாய் நீருக்கான வெப்பநிலை வேறு அமைப்பு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில், லெஜியோனெல்லா பாக்டீரியா வளராமலிருக்கத் தொட்டி நீர் 60 டிகிரியை எட்ட வேண்டும். தொட்டிக்குத் தனிக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் பாய்லரை 65க்குக் கீழே இறக்காதீர்கள்.

நீரின் சூடு குறைந்தால் ரேடியேட்டர் தரும் வெப்பமும் வேகமாகக் குறையும். நீருக்கும் அறைக்கும் 50 டிகிரி வித்தியாசம் இருக்கையில் 1,000 வாட் தரும் ரேடியேட்டர், 30 டிகிரி வித்தியாசத்தில் 515 வாட்டும், 22.5இல் 350 வாட்டும்தான் தரும். வீட்டின் இழப்பை முதலில் குறைத்திருந்தால், பழைய ரேடியேட்டர்களே இந்தக் குறைந்த சூட்டில் போதுமானவை ஆகிவிடுகின்றன. சுவருக்கும் கூரைக்கும் செய்த வேலை இங்கே இரண்டாவது முறையாகப் பலன் தருகிறது.

ரேடியேட்டரின் மேல்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று. பம்பை நிறுத்தி, ரேடியேட்டரின் காற்றுத் திருகைச் சாவியால் சிறிது திறந்து, சீறல் நின்று நீர் வந்ததும் மூடுங்கள். பிறகு அழுத்தமானி குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் காட்டுகிறதா என்று பாருங்கள். அடிப்பகுதி நடுவில் குளிர்ந்தால் கறுப்புத் துருச் சேறு, அதைக் கழுவி எடுக்க வேண்டும். பாய்லருக்கு அருகிலுள்ள அறை கொதித்து, கடைசி அறை குளிர்ந்தால் நீர்ப் பங்கீடு சரியில்லை. எல்லா வால்வுகளையும் முழுதாகத் திறந்துவிட்டு, முதலில் சூடாகும் ரேடியேட்டரின் வெளியேறும் பக்க வால்வைக் கால் சுற்றாக மூடிக்கொண்டே போய், எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் சூடாகும்வரை செய்யுங்கள். அரை நாள் பிடிக்கும் வேலை.

ஹீட் பம்ப்

எந்த மின்தடை ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். எண்ணெய் நிரப்பியது, விசிறி வைத்தது, செராமிக், அகச்சிவப்பு எதுவாயினும் இந்தக் கணக்கு மாறாது. ‘அதிசயச் சிக்கன ஹீட்டர்’ என்ற விளம்பரத்தை நம்பி ஏமாறாதீர்கள். உட்கார்ந்திருக்கும் ஒருவரை மட்டும் சூடாக்க வேண்டும் என்றால் 100 வாட் மின்போர்வை 2 கிலோவாட் ஹீட்டரைவிட எத்தனையோ மேல்.

ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருந்து உள்ளே ஏற்றுகிறது. எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறது என்பதில்தான் செலவு. வெளியே 0 டிகிரி இருக்கையில் 35 டிகிரி நீர் கேட்டால், நல்ல இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.5 முதல் 4.4 யூனிட் வெப்பம் தரும். 55 டிகிரி கேட்டால் 2.4 முதல் 3. கேஸை எரித்தால் யூனிட்டுக்குச் சுமார் 0.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். மின்சாரம் யூனிட்டுக்கு 0.5 கிலோ என்ற அளவில் உற்பத்தியானாலும், மூன்று மடங்கு தரும் ஹீட் பம்பின் வெப்பம் 0.17 கிலோவில் முடிகிறது.

தவறு நேர்வது பெரும்பாலும் அளவில். காப்பிட்ட பிறகு மூன்று கிலோவாட் போதும் என்ற நம் மாதிரி வீட்டில், காப்பிடுவதற்கு முன்பே 12 கிலோவாட் இயந்திரம் வந்துவிட்டது என்று வையுங்கள். அத்தகைய இயந்திரம் தன் திறனில் கால் பங்குக்குக் கீழே அதிகம் இறங்காது, அதாவது மூன்று கிலோவாட். வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் வீடு கேட்பது ஒன்றரைதான். இயந்திரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். கம்ப்ரஸர் தேயும், மின்சாரம் விரயமாகும். எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் மூடிவிடுவதும் இதே கோளாறைக் கொண்டுவரும். ஈரமான 0 முதல் 5 டிகிரி வானிலையில் வெளியலகில் உறைபனி படியும். அதை உருக்க இயந்திரம் வீட்டு நீரிலிருந்து வெப்பத்தைத் திருப்பி எடுக்கும். அதற்குப் போதிய நீர் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதால், இரண்டு மூன்று ரேடியேட்டர்களை வால்வு இல்லாமல் எப்போதும் திறந்தே விடுவார்கள். உருகிய நீர் நடைபாதையில் வழிந்து உறையாதபடி வடிகால் வேண்டும்.

ஹீட் பம்புக்குள் சுழலும் வாயு எது என்பதையும் கேட்டு வாங்குங்கள். ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயு கார்பன் டை ஆக்சைடைப்போல் 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும். ஆர்-32 என்றால் 675 மடங்கு, புரொப்பேன் என்ற ஆர்-290 வெறும் 3. இரண்டு கிலோ ஆர்-410ஏ கசிந்தால் அது 20,000 யூனிட்டுக்கு மேல் கேஸ் எரித்ததற்குச் சமம். புரொப்பேன் தீப்பற்றக்கூடியது, காற்றைவிடக் கனமானது. வெளியலகைச் சன்னல், சாக்கடை மூடி, பள்ளம் ஆகியவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

விறகு பற்றிச் சுருக்கமாக: 20 சதவீதத்துக்குக் குறைவான ஈரமுள்ள ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 4 யூனிட் தரும், பச்சை விறகு அதில் பாதியைச் சற்றே தாண்டும். எஞ்சியது தன் ஈரத்தை ஆவியாக்கவே செலவாகிறது, புகைபோக்கியில் தாரும் படிகிறது, அது தீப்பற்றும். காய்ந்த விறகும் நுண்துகள் புகையைக் கக்கும். எரியும் அடுப்புள்ள எந்த வீட்டிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி இறக்கினால் எவ்வளவு மிச்சம் என்பதையும் நாமே கணக்கிடலாம். குளிர்காலச் சராசரி வெளியே 5, உள்ளே 21 என்றால் வித்தியாசம் 16. ஒரு டிகிரி அதில் பதினாறில் ஒரு பங்கு, 6 சதவீதம். ஆனால் 18 டிகிரிக்குக் கீழே போக வேண்டாம். 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் குளிர் பிரதேச வீடுகளுக்குப் பரிந்துரைத்த குறைந்தபட்ச அளவு அது. முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். பாய்லர் வீட்டில் இரவில் சூட்டைத் தாராளமாகக் குறைக்கலாம். ஹீட் பம்ப் வீட்டில் இரண்டு டிகிரிக்கு மேல் குறைத்தால், காலையில் அதை ஈடுகட்ட இயந்திரம் சூடான நீரைத் தள்ளி, இரவில் சேர்த்ததைச் செலவழித்துவிடும்.

ஒவ்வொரு வேலை முடிந்த பிறகும், அடுத்த மேகமூட்டமான குளிர் நாளில் மறுபடி மீட்டரைக் குறித்து எண்ணைக் கணக்கிடுங்கள். பரணுக்குக் காப்பிட்டும் எண் பத்தோ இருபதோதான் இறங்கியிருந்தால், ஏணி எடுத்து மேலே போய்ப் பாருங்கள்: கதவின் விளிம்பு, பஞ்சுக்கு நடுவேயுள்ள இடைவெளி, குழாய்த் துளை. கணக்கில் வராத வாட்கள் அங்கேதான் கசிந்துகொண்டிருக்கும்.